வெயிலை அளப்பவர்கள் கிராம சபைக்கும் வரட்டும்

வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்கருவிகளை எடுத்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே உழைத்தவர்களைப் பற்றி அறிய நாட்டுக்கு ஆவல் இருக்கிறது, நல்லதுதான். இன்று ஒரகடம் சாலையில் தகரக் கூரைக்கடியில் உழைக்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் அதே ஆவல் வேண்டும் என்கிறோம்.

வழி தெரியாத காரியமல்ல இது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, 2017இல் தொடங்கி தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்தபடி இதைச் செய்திருக்க முடியாது. வேலையிடத்துக்கே கருவியைக் கொண்டுபோய் வெப்பம், காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, அந்தக் கணக்கைப் பேறுகாலத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குக் கரு கலைந்தது; மற்றவர்களில் 2 பேருக்கு. கரு தங்கவில்லை என்றால் 'அது அவ உடம்பு வாகு' என்று பெண்ணையே குறை சொல்லி முடிப்பது நம் வீடுகளிலும் நடக்கிறது. இனி அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்களைப் பற்றியும் 2016இல் இவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெயில் எல்லோர் மேலும்தான் அடிக்கிறது. அதில் நின்று வேலை செய்ய யாரை அனுப்புவது என்பதைச் சாதி முடிவு செய்கிறது. முன்பணம் வாங்கிச் சூளையில் குடும்பத்தோடு கிடப்பவர்களில் தலித்துகளும் இருளர்களுமே அதிகம் என்பது இந்த வட்டாரத்தில் யாரும் அறியாத சேதியா? ஆகவே ஒரகடம் பகுதிக்கு இப்படியோர் ஆய்வு வரும்போது, எந்தச் சாதி, நிரந்தர வேலையா, ஒப்பந்தமா என்பதும் படிவத்தில் ஏற வேண்டும். மருத்துவரோடு சமூகவியல் படித்தவரும் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரும் குழுவில் இருக்க வேண்டும். காலனியிலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளை வீடு காட்ட மட்டும் அழைத்தால் போதாது. கேள்வியை எழுதும் இடத்தில் அவர்கள் உட்கார வேண்டும்.

தன் உடம்பையும் ஒருநாள் கூலியையும் ஆய்வுக்குக் கொடுத்தவளுக்கு, அதன் முடிவைத் தமிழில் கேட்க உரிமை உண்டு. மே 1 அன்று, வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில், கிராம சபை கூடுகிறது. ஆய்வாளர்கள் அன்றைக்கு வந்து பேசட்டும். வேலையிடத்தில் நிழல், குடிநீர், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை என்று தீர்மானம் போடும்போது அந்த எண்கள் நம் கையில் இருக்கும்.