டெல்லியின் மானமும் நாலு மாத்திரையும்

போன மாதம் லேசான காய்ச்சல். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக மெடிக்கலுக்குப் போய், "அண்ணா, செஃபிக்ஸிம் நாலு கொடுங்க" என்றேன். அவர் சீட்டு கேட்கவில்லை, நானும் டாக்டரைப் பார்க்கவில்லை. ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. வைரஸ் காய்ச்சலாக இருந்திருந்தால் மாத்திரை இல்லாமலேயே விட்டிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் திட்டு வாங்கப்போகும் முதல் ஆள் நான்தான்.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வாளர் பட்டியலில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் என்சைமுக்கான என்டிஎம்-1 மரபணு, சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் இருந்தது. நாம் எதற்குக் கொதித்தோம்? பெயரில் 'நியூ டெல்லி' இருப்பதற்கு. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றோம். ஒரு ஊர்ப் பெயரை இப்படி இழுப்பது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயரை மாற்றினால் மரபணு தாவாமல் இருந்துவிடுமா?

டிஎன்ஏ துண்டுகள் இடம் மாறும் என்பதை மக்காச்சோள மணிகளின் நிறத் திட்டுகளை வைத்தே 1940களில் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் வந்தது 1983இல்தான். தாவும் துண்டு ஒரு மரபணுவின் நடுவில் விழுந்தால் அது கெட்டுப்போகும். முன்னால் விழுந்தால் சில சமயம் அதை முடுக்கிவிடும். என்டிஎம்-1க்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஐஎஸ்ஏபிஏ125 என்ற துண்டு. அந்த மரபணுவை இயக்கும் சுவிட்சில் ஒரு பகுதி அதனுடையது. அசினெட்டோபாக்டர் கிருமியில் அதன் இரண்டு பிரதிகள் இரு பக்கமும் நின்று, நடுவில் இருக்கும் மரபணுவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தாவும். பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏறிவிட்டால் வேறு இனக் கிருமிக்கும் போகலாம்.

தாவலுக்கு நோக்கமும் இல்லை, தேசமும் இல்லை. ஆனால் தாவியது பிழைக்குமா என்பதில் நமக்குப் பங்கு உண்டு. மருந்து மற்ற கிருமிகளைக் கொன்று, எதிர்ப்புள்ளதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. என் நாலு மாத்திரை குடலுக்குள் பார்க்கக்கூடிய வேலையும் அதுதான்.

சட்டம் இல்லை என்று சாக்கு சொல்ல முடியாது. 2012இல் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச்சில் ஹெச்1 பட்டியல் அமலுக்கு வந்தது: சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதணும். செஃபிக்ஸிம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அண்ணன் கேட்டிருக்கணும். கேட்காவிட்டாலும் நான் டாக்டரிடம் போயிருக்கணும். இந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாத நமக்கு டெல்லியின் மானத்துக்கு வக்காலத்து வாங்க என்ன யோக்கியதை?