கயிறு கட்டிய பிறகு

சுந்தரபாண்டியம் பக்கம் குடியை விட நினைப்பவர் முதலில் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்கிறார். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதே நம் கேள்வி. தினமும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் துணை வேண்டும். உடல் தேறிய பிறகும் மனம் தேற மாதங்களாகும். குற்ற உணர்வு, வீட்டாரின் சந்தேகம், கூலி வாங்கிய மாலையில் கூட்டாளிகளின் அழைப்பு. நம் தெருக்காரருக்கு இன்னொரு பாரமும் உண்டு: "அந்தத் தெரு ஆட்கள் குடிக்கத்தானே செய்வார்கள்" என்ற ஊர்ப்பேச்சு. குடிக்காத நாளிலும் அது காதில் விழும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்தபோது, "குடித்துச் செத்தவனுக்கா?" என்று கேட்டார்கள். குடிநோயை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்கும் கேள்வி அது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ மது, போதையால் வரும் மனப் பாதிப்பையும் மனநோயாகவே கொள்கிறது. அரசுச் சிகிச்சை உரிமை, சலுகை அல்ல. 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஆனால் போனோடு முடிகிற காரியமா? ஒரு நாள் கூலியை விட்டு வாராவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறு என்றால் எத்தனை பேர் போவார்கள்? ஆலோசகர் நம் ஊருக்கு வரட்டும், வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில்.