கம்பியில்லா இணைப்பு: வீட்டாரின் பெயரில் திறந்து கிடக்கும் கதவு

சிட்னி மாநகரின் மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள குவேக்கர்ஸ் ஹில்லில் தமிழ்க் குடும்பமொன்று புதுமனை புகும்போது, பால் காய்ச்சுவதற்கு முன்பே இணைய இணைப்பு வந்துவிடுகின்றது. வாழ்த்துச் சொல்ல வரும் உறவினர் செருப்பைக் கழற்றும்போதே கடவுச்சொல்லைக் கேட்கின்றார். பெரும்பாலும் அது மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகவே இருக்கும். மாமாவுக்குத் தெரியும், பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மாணவனுக்குத் தெரியும், கணிதம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்துபோன சித்திக்கும் தெரியும். எத்தனை பேருக்குத் தெரியும் என்பது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இரவில் முன்கதவையும் பின்கதவையும் இருமுறை சரிபார்த்துவிட்டு நித்திரைக்குச் செல்லும் அதே குடும்பம், இந்த மூன்றாவது கதவைப் பற்றி எண்ணுவதில்லை. கம்பியில்லா இணைப்புக் கருவி வானலையில் இயங்குவது. வானலைக்கு வேலியும் மதிலும் எல்லையல்ல. நெருங்கிய காணிகளில் வீடுகள் எழுந்துள்ள இப்புறநகரில், வரவேற்பறையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் அயல்வீடுகளின் இணைப்புப் பெயர்கள் வரிசையாகத் தோன்றுவதை எவரும் காணலாம். அவ்வாறே இவ்வீட்டின் பெயரும் அவர்களுக்குத் தோன்றும். வீதியோரம் நிறுத்தப்பட்ட வாகனத்தில் இருப்பவருக்கும் தோன்றும்.

இத்தகைய கதவொன்று திறந்து கிடந்ததால் நேர்ந்தவற்றுள் மும்பையில் நிகழ்ந்தது நன்கு அறியப்பட்டது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பாக அவற்றுக்கு உரிமைகோரும் மின்னஞ்சல் ஊடகங்களுக்கு வந்திருந்தது. காவல்துறையினர் அது புறப்பட்ட இணைய முகவரியைத் தேடிச் சென்றபோது, நவி மும்பையின் சான்பாடாவில் வாழ்ந்த கென்னத் ஹேவூட் என்ற அமெரிக்கரின் வீட்டு வாசலில் நின்றனர். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன, பலமுறை விசாரிக்கப்பட்டார். முடிவில், அவருடைய பாதுகாப்பற்ற கம்பியில்லா இணைப்பை வேறெவரோ பயன்படுத்தியுள்ளனர் என்றே கொள்ளப்பட்டது. அவர்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. அடுத்த இரு மாதங்களில் அதே குழுவின் மின்னஞ்சல்கள் மாட்டுங்காவிலுள்ள கல்லூரியொன்றின் இணைப்பிலிருந்தும் செம்பூரிலுள்ள நிறுவனமொன்றின் இணைப்பிலிருந்தும் வந்தன. 2009 ஜனவரியில் மும்பைக் காவல்துறையினர் மடிக்கணினிகளோடு வீதி வீதியாகச் சென்று பூட்டப்படாத இணைப்புகளைத் தேடும் நிலை ஏற்பட்டது. அவுஸ்திரேலியாவிலும் குயீன்ஸ்லாந்துக் காவல்துறை 2012இல் இத்தகைய தேடலை மேற்கொண்டு, திறந்த இணைப்பு வைத்திருந்த வீட்டாரை எச்சரிக்க முனைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஹேவூட் ஓர் அமெரிக்கக் குடிமகன். பன்னாட்டு நிறுவனப் பணியாளர். அவருக்கே அந்நிலை என்றால், குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்துக் கொண்டிருக்கும் ஒருவரின் நிலை எதுவாக இருக்கும்? இக்கேள்விக்கு இந்நாட்டிலேயே ஒரு விடை உண்டு. கர்நாடகத்தைச் சேர்ந்தவரும் கோல்ட் கோஸ்டில் பணியாற்றியவருமான மருத்துவர் முகமட் ஹனீஃப், பிரித்தானியாவை விட்டு வரும்போது தமது கைத்தொலைபேசியின் சிம் அட்டையை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வந்தார். மீதமிருந்த சலுகையை வீணாக்காத, எந்தத் தெற்காசியக் குடும்பத்திலும் நடக்கக்கூடிய செயல் அது. 2007 ஜூலை 2 அன்று பிறிஸ்பேன் விமான நிலையத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். 12 நாட்கள் குற்றச்சாட்டின்றித் தடுத்து வைக்கப்பட்டார். கிளாஸ்கோ விமான நிலையத்தில் மோதி எரிந்த வாகனத்தில் அந்த அட்டை இருந்ததாக நீதிமன்றத்தில் கூறப்பட்டது. அது தவறென்பது பின்னர் வெளிப்பட்டது. அவருடைய விசா இரத்துச் செய்யப்பட்டது. ஜூலை 27 அன்று குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2010இல் அரசு அவருக்கு இழப்பீடு வழங்கியது. எனினும் அந்த ஜூலை மாதத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலவில்லை.

சிம் அட்டையும் வீட்டு இணைப்பும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் ஒருவருடைய பெயரில் பதியப்பட்டு, இன்னொருவருடைய கையில் இயங்கக்கூடியவை. அவுஸ்திரேலியாவில் 2015ஆம் ஆண்டின் தரவுச் சேமிப்புச் சட்டப்படி, எந்த வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தில் எந்த இணைய முகவரி வழங்கப்பட்டிருந்தது போன்ற விபரங்களைச் சேவை நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் பேணிவைத்தல் வேண்டும். அப்பதிவேட்டில் இருப்பது கட்டணம் செலுத்துபவரின் பெயர். வீதியில் நின்றவரின் பெயரோ பின்னறை மாணவனின் பெயரோ அதில் இராது. அதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் நன்று: வீட்டுக்காரரின் மகன் விளையாட்டாகச் செய்யும் ஒன்றுக்குத் தற்காலிக விசாவில் வாழும் அந்த மாணவன் முதலில் சந்தேகிக்கப்படலாம்.

புதிதாக வந்தவனுக்கு ஊரோடு பேச இணைப்பைக் கொடுக்காதிருப்பது மனிதத்தன்மையா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. கொடுப்பதில் தவறில்லை, யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாமற் கொடுப்பதே தவறு. இன்றைய கருவிகளிற் பெரும்பாலானவற்றில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பை உருவாக்கும் வசதி உண்டு. அவ்விணைப்பில் வருபவர் வீட்டுக் கணினிகளையும், நகைகளுக்கு அஞ்சிப் பொருத்திய கண்காணிப்புக் கமெராக்களையும் எட்ட முடியாது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. விருந்தினர் இணைப்பும் அதே வீட்டு முகவரி வழியாகவே வெளியுலகிற்குச் செல்கின்றது. அது வீட்டுப் பொருளைக் காக்கும். வீட்டாரின் பெயரைக் காக்காது. ஆதலால் அதன் கடவுச்சொல்லை விருந்தினர் சென்ற பின் மாற்றுதல் வேண்டும். நீண்டகாலம் தங்குபவர் தமது பெயரிலேயே தனி இணைப்பொன்றைப் பெறுவது இரு தரப்பினர்க்கும் நல்லது.

பூட்டின் தன்மையையும் சிறிது அறிந்திருத்தல் நன்று. இத்தொழில்நுட்பத்தின் ஒரு முக்கிய வேர் சிட்னியிலேயே உள்ளது. மார்ஸ்ஃபீல்டிலிருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் வானொலி ஆய்வாளர்கள், ஜோன் ஓசலிவன் தலைமையில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய உத்தி உலகெங்கும் பயன்பட்டு, அந்நிறுவனத்திற்கு 430 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட உரிமத் தொகையை ஈட்டிக் கொடுத்தது. அலையை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெளிவாகக் கொண்டுசெல்லும் கலை விரைவில் கைவந்தது. அதைப் பூட்டும் கலை பின்தங்கியது. முதலில் வந்த வெப் என்னும் மறையாக்க முறை 2001இல் உடைக்கப்பட்டது. 2007இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்திற்குள் உடைத்துக் காட்டினர். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 பல ஆண்டுகள் நின்றுபிடித்தது. அதிலும் 2017 ஒக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹோவ் ஒரு குறையைக் கண்டறிந்தார். மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் அதிலிருந்து தப்பினர். 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் இந்த மூன்றாவது முறை இருந்தால் அதையும், இல்லையேல் இரண்டாவதையும் தெரிவு செய்தல் வேண்டும். வெப் மட்டுமே உள்ள பழைய கருவி வீட்டில் இருக்கத் தகுதியற்றது.

முறை நல்லதாயினும் சொல் எளிதாயின் பயனில்லை. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், ஒரு கைத்தொலைபேசி வீட்டு இணைப்பில் சேரும் கணத்தில் நிகழும் பரிமாற்றத்தை வெளியிலிருப்பவர் பதிவுசெய்து கொண்டு போய், தமது கணினியில் ஆறுதலாக இலட்சக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் அங்கே நெடுநேரம் தாக்குப்பிடிக்கமாட்டா. இம்முறை 63 எழுத்துகள் வரை ஏற்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதினால் அம்மம்மாவாலும் நினைவில் வைக்க இயலும். எந்திரத்தால் ஊகிக்க இயலாது. இணைப்பின் பெயரை மறைத்து வைத்தாற் போதும் என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. வாசலிலுள்ள வீட்டிலக்கத்தைக் கழற்றுவது பூட்டுப் போடுவதாகாது.

கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்யாமல் பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணையும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியும் கவனத்திற்குரியது. அந்த எண்ணைக் கருவி இரு துண்டுகளாகச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் முயல வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்பதை ஆய்வாளர் ஒருவர் 2011 டிசம்பரில் வெளிப்படுத்தினார். அதை அணைத்துவிடுவதே நன்று.

இவை யாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது இன்னொரு கடவுச்சொல். இணைப்பில் சேர்வதற்கு ஒன்றும் கருவியின் அமைப்புகளை மாற்றுவதற்கு வேறொன்றும் உண்டு. பின்னையது தொழிற்சாலையில் இடப்பட்டவாறே பல வீடுகளில் இருக்கின்றது. 2016இல் மிராய் என்ற தீநிரல், அறுபதளவு வழமையான பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டும் கொண்டு உலகெங்கும் இலட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கமெராக்களையும் தன்வசமாக்கியது. பிரேசிலில் 2011–12 காலத்தில் ஏறத்தாழ 45 இலட்சம் இணையக் கருவிகள் ஊடுருவப்பட்டு அவற்றின் வழிகாட்டு முகவரிகள் மாற்றப்பட்டன. வங்கியின் பெயரைச் சரியாகவே எழுதியவர்கள் கள்வர் அமைத்த பக்கத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுடைய கணினியில் பிழையேதும் இல்லை. பிழை மூலையில் மின்னிக்கொண்டிருந்த பெட்டியில் இருந்தது. அவுஸ்திரேலியாவின் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகள், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இடும் வழக்கத்தை 2026 மார்ச் 4 முதல் தடுக்கின்றன. அதற்கு முன் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்த பெட்டியை எந்தச் சட்டமும் வந்து திருத்தப் போவதில்லை. உற்பத்தியாளர் புதுப்பிப்பு வழங்குவதை நிறுத்திவிட்ட கருவியை, அது நன்றாக இயங்குகின்றது என்பதற்காக வைத்திருப்பது சிக்கனமன்று.

பல தமிழ் வீடுகளில் இப்பெட்டியின் பொறுப்பு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இருக்கின்றது. பிள்ளை இணையத்தில் எதைப் பார்க்கின்றான் என்று கவலைப்படும் தந்தை, வீட்டுத் திறப்புக்கோர்வை முழுவதையும் அவனிடம் கொடுத்துவிட்டதை உணர்வதில்லை. விளையாட்டு வேகமாக ஓடவேண்டுமென்று அவன் பாதுகாப்பமைப்பொன்றைத் தளர்த்தினால் அதை அறிவார் யாருமில்லை. இதற்காக இளையோரைக் குறைகூறுதல் பொருந்தாது. கேட்டவர்களுக்கெல்லாம் உதவியவர்கள் அவர்களே. ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிந்து வந்தபின், தந்தையோ தாயோ பிள்ளையின் அருகில் அமர்ந்து அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை வாசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். யாருடையதென்று இருவருக்கும் தெரியாத பெயரொன்று அதில் இருக்குமாயின், அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுதல் வேண்டும்.

வீட்டுக்கு வெளியிலும் இவ்விழிப்பு தேவை. பேர்த், மெல்பேர்ண், அடிலெயிட் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் உண்மையான இலவச இணைப்பைப் போலப் போலி இணைப்பை அமைத்துப் பயணிகளின் மின்னஞ்சல், சமூக வலைத்தள விபரங்களைக் கவர்ந்த மேற்கு அவுஸ்திரேலியர் ஒருவர் 2024இல் பிடிபட்டு, 2025 நவம்பரில் ஏழு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் சிறைத்தண்டனை பெற்றார். இலவச இணைப்பொன்று மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்குமாயின் அதைக் கொடாதிருத்தல் வேண்டும். ஊருக்குப் பயணமாகும் பெற்றோரின் தொலைபேசியில், தெரிந்த பெயருள்ள இணைப்புகளில் தானாகச் சேரும் வசதியைப் பிள்ளைகள் அணைத்து அனுப்பலாம்.

வீடு மாறும்போது பழைய பெட்டியை மாநகரசபையின் கழிவு அகற்றலுக்காக வீதியோரம் வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அதனுள் வீட்டின் இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். புது வீட்டிலும் பெரும்பாலும் அவையே தொடரும். பின்புறத்திலுள்ள சிறு துளையில் ஊசியைச் செலுத்திச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அனைத்தும் அழிந்துவிடும். அதைச் செய்தபின் வெளியே வைக்கலாம்.