நீரழுத்தக் கணக்கும் குழியில் இறங்கும் உயிர்களும்

2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகல், சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி வட்ட இரயில் பாதைக்காகத் தோண்டப்பட்ட, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் சரிந்தது. நால்வர் மாண்டனர். தம்கீழ் பணிபுரிந்தோரை வெளியேற்ற முயன்ற மேற்பார்வையாளரின் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை. இவ்விபத்தை 'இயற்கையின் சீற்றம்' எனக் கடந்துவிட முடியாது. பிழை, வரைபட மேசையிலேயே தொடங்கியிருந்தது.

ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. நிலத்தடிச் சுவரை முதலில் எழுப்பி, சிறிது தோண்டி, எஃகு முட்டுகளைக் குறுக்கே பொருத்தி, மீண்டும் தோண்டுவர். ஒவ்வொரு கட்டத்திலும் சுவர் எவ்வளவு வளையும், முட்டு எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கணினி மாதிரியால் முன்கூட்டியே கணிப்பர். இக்கணிப்பின் உயிர்நாடி நிலத்தடி நீர். மணலில் நீர் சுவரின் அடிவழியே ஊறிப் பள்ளத்தின் தரையை மேல்நோக்கித் தள்ளும். களிமண்ணிலோ நீர் விரைந்து வடியாது. மென்களி நெரிபடும்போது துகள்களுக்கிடையே சிக்கிய நீரின் அழுத்தம் கூடி, மண்ணின் வலிமை குறையும்.

நிக்கல் நெடுஞ்சாலையில் கையாளப்பட்ட எளிய மண் மாதிரி இந்த அழுத்த உயர்வைக் காட்டவல்லதன்று. எனவே கடல்சார் மென்களி, உள்ளதைவிட வலிமையானதாகக் கணக்கில் தோன்றியது. சுவரின் வளைவு உண்மையில் ஏற்படவிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகவே மதிப்பிடப்பட்டது. முட்டுகளைச் சுவரோடு பிணைத்த இணைப்புகளும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன. சுவர் எல்லை மீறி வளைந்தபோது வேலை நிற்கவில்லை. மறுகணக்கீட்டின் பெயரால் எச்சரிக்கை எல்லையே உயர்த்தப்பட்டது. அன்று காலையிலேயே பள்ளத்திலிருந்து ஓசைகள் கேட்டன. விபத்து தவிர்த்திருக்கக் கூடியதே என 2005இல் விசாரணைக் குழு முடிவுரைத்தது.

நாம் இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரித்துவைக்கும் ஏற்பாடு என்றார் அண்ணல் அம்பேத்கர். நம் நாட்டில் கணக்கிடுபவர் ஓரிடத்தில் இருக்க, அக்கணக்கை நம்பிக் குழியில் இறங்குபவர் வேறொரு சமூகத்தில் இருக்கிறார். பாதாளச் சாக்கடைக் குழிகளுக்குள் இறங்குவோர் எவர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மெட்ரோ பள்ளத்திற்காவது கணினி மாதிரி உண்டு. தெருவில் தோண்டப்படும் மூன்று மீட்டர்க் குழிக்கு அதுவும் இல்லை. மண்ணில் 1.5 மீட்டருக்கு மேற்பட்ட குழிகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்னும் இந்தியத் தர விதி ஐஎஸ் 3764 ஏட்டளவில் உறங்குகிறது. கோடையில் அளந்த நீர்மட்டத்தை நம்பிக் கார்த்திகை மழையில் தோண்டினால் விளைவது என்ன என்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. எந்த நீர்மட்டத்தை வைத்து வடிவமைத்தனர் என்பதைப் பணியிடத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நீரழுத்தமானியின் அன்றாட அளவீடுகளும் எச்சரிக்கை எல்லையும் தொழிலாளர் கண்ணில் பட வேண்டும். எல்லையை உயர்த்தும் முடிவை ஒப்பந்ததாரரிடம் விடாது, சார்பற்ற பொறியாளர் ஆராய வேண்டும். மண் விரிசல் விட்டாலோ நீர் ஊறினாலோ கூலி இழப்பின்றி மேலேறி வரும் உரிமை இறங்குபவருக்கு வேண்டும். கட்டுமானப் பொறியியல் பயிலும் ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்கள் இக்கணக்குகளைக் கேள்வி கேட்கக் கற்பதும் நம் போராட்டத்தின் ஒரு பகுதியே.