போனைப் பிடுங்கினா பிள்ளை பிழைச்சிடுமா?

1/ கொஞ்சம் நீளமான இழை. பத்து வயசுக்கு மேல பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் படிங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/ நைட் டூட்டி. ரப்பர் பால்வெட்டுக்குப் போற ஒருத்தர் தன் 15 வயசு மகளைத் தூக்கிட்டு வந்தார். வீட்டில இருந்த மாத்திரைகளை முழுங்கியிருந்தாள். சரியான நேரத்துக்கு வந்ததால காப்பாத்திட்டோம். மறுநாள் வார்டுல மெதுவாப் பேசினப்போ விஷயம் வெளிய வந்தது. இன்ஸ்டாவில் பழகின ஒருத்தன். அவளோட ஒரு படம் அவன் கையில. பணம் கேட்டிருக்கான், இன்னும் படம் கேட்டிருக்கான். ஒன்பது நாளா யாருக்கும் சொல்லாம உள்ளுக்குள்ளயே வெந்திருக்காள்.

3/ "ஏன் மக்களே அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"ன்னு கேட்டேன். அவ சொன்னது இன்னும் காதுல இருக்கு: "அப்பாவுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிருவாவ சார். படிப்பையும் நிறுத்திருவாவ." கவனிச்சீங்களா? மிரட்டினவனை விட வீட்டைக் கண்டுதான் அவளுக்குப் பயம்.

4/ வெளிய வராந்தாவில அப்பா அழுதுட்டே சொன்னார்: "அன்னைக்கே அந்தப் போனை ஒடச்சிருக்கணும் டாக்டரே. படிப்புக்குன்னு வாங்கிக் குடுத்தது எனக்க தப்பு." பாவம், நல்ல மனுஷன். ஆனா என் சண்டை அந்த வாக்கியத்தோடதான். உள்ளே மகளும் வெளியே அப்பாவும் பேசினது ஒரே விஷயம். அப்பா என்ன செய்வார்னு மகள் சரியாத்தான் கணிச்சு வச்சிருந்தாள்.

5/ மிரட்டுறவனோட முதலீடு அந்தப் படம்னு நினைக்கிறீங்க. படம் எவன்கிட்ட வேணும்னாலும் இருக்கலாம். "வீட்டில சொன்னா உன்னைக் கொன்னுடுவாங்க"ங்கிற நம்பிக்கைதான் அவன் போடுற முதல். அதை அவனுக்கு வட்டியில்லாம கொடுக்கிறது நாமதான்.

6/ நம்ம ஊருக்கு இது புதுசா? 2020 ஏப்ரல், நாகர்கோவில் காசி வழக்கு. சமூக வலைத்தளத்தில் பழகி, படம் எடுத்து, மிரட்டிப் பணம் பறிச்ச வழக்கு. சென்னையில இருந்து ஒரு பெண் டாக்டர் துணிஞ்சு புகார் கொடுத்த பிறகுதான் மத்தவங்களும் வந்தாங்க. சிபிசிஐடி விசாரிச்சு, 2023 ஜூன்ல நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. பொள்ளாச்சியிலும் இதே கதை. 2019ல ஒரு பெண் பேசினாள். 2025 மே 13ல ஒன்பது பேருக்கு ஆயுள். ரெண்டு இடத்திலும் முடிச்சை அவிழ்த்தது வாய் திறந்த ஒரு பெண்.

7/ 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம்ம மாவட்டம். ஆனா அந்தப் பிள்ளை வார்டுல கிடக்கும்போது சொந்தக்காரங்க என்கிட்ட கேட்டது என்ன தெரியுமா? "கேஸ் வேண்டாம் சார், பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆகணும்." போக்சோ சட்டப்படி 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சா தகவல் கொடுக்காம இருக்கிறதே குற்றம். நான் கொடுத்தேன். அதே சட்டம் பிள்ளையோட பேர், முகம் வெளிய வரவும் தடை போட்டிருக்கு. ஊர் பேசும்னு பயந்து குற்றவாளிக்குக் காவல் நிக்காதீங்க.

8/ "ஆஸ்திரேலியா மாதிரி தடை போட்டா சரியாயிடும்"னு சிலர். அங்க 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்குக் கீழ சமூக வலைத்தளக் கணக்கு கிடையாது. அதே மாசம் நம்ம மதுரைக் கிளை உயர்நீதிமன்றமும் அப்படி ஒரு சட்டத்தை யோசிக்கலாம்னு மத்திய அரசுக்குச் சொன்னது. யோசிக்கட்டும், நான் எதிர்க்கல. ஆனா நம்ம வீட்டு நிலவரம் என்ன? சிம் அம்மா பேர்ல. கூகுள் கணக்கு அப்பா பேர்ல. இன்ஸ்டாவில் பிறந்த வருஷம் 1982. 13 வயசுப் பையன் 40 தாண்டின ஆளா உலவுறான். எந்தச் சட்டம் அவனைக் கண்டுபிடிக்கும்?

9/ இது சின்ன விஷயமில்ல. இன்ஸ்டாவில் 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு டீன் அக்கவுண்ட் தானா வரும். தெரியாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது, கணக்கு பூட்டியே இருக்கும், 16 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா ஒத்துக்காம அதைத் தளர்த்த முடியாது. ஆண்ட்ராய்டு போன்ல ஃபேமிலி லிங்க் இலவசம். எந்த ஆப், எத்தனை மணி நேரம்னு நீங்க வைக்கலாம். எல்லாம் உண்மையான வயசு கொடுத்தால்தான் வேலை செய்யும். பொய் வயசு போட்டுக் கொடுத்தது பல வீட்டில பெத்தவங்களேதான்.

10/ அடுத்தது "அடிக்ட்". ரெண்டு மணி நேரம் விளையாடினா அடிக்ட்டுன்னு கூட்டிட்டு வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறுன்னு ஒண்ணை நோய்ப் பட்டியல்ல வச்சிருக்கு, உண்மைதான். ஆனா கட்டுப்பாடு போய், படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் நொறுங்கி, பொதுவா ஒரு வருஷம் வரை நீடிச்சாத்தான் அந்தப் பேர். அப்படி இருந்தா கூட்டிட்டு வாங்க, வைத்தியம் இருக்கு. அதுவரைக்கும் பிள்ளைக்கு நோய்ப் பேர் வைக்காதீங்க.

11/ ஆண் பிள்ளை வீட்டுக்காரங்களே, "நமக்கென்ன"ன்னு ஸ்க்ரோல் பண்ணாதீங்க. பொண்ணு பேர்ல வீடியோ கால் போட்டுப் பணம் பறிக்கிற கும்பல் தேடுறது பையன்களைத்தான். அவன் வெட்கத்தில வாயே திறக்க மாட்டான். இன்னொண்ணு: குழந்தைகளோட ஆபாசப் படத்தைப் பார்க்கிறதும் வச்சிருக்கிறதுமே குற்றம்னு 2024 செப்டம்பர்ல உச்சநீதிமன்றம் தெளிவாச் சொல்லிட்டுது. கிளாஸ் குரூப்பில் வந்ததைச் சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்னு உன் மகன் சொன்னா சட்டம் சிரிக்காது. இதை மகனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?

12/ வீட்டில என்ன செய்யலாம்?
– கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கட்டும், கதவு மூடின ரூம்ல வேண்டாம்.
– ராத்திரி எல்லா போனும் ஹால்லதான் சார்ஜ். அப்பா போனும் சேர்த்து. இந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேணும்.
– திருட்டுத்தனமா போனை நோண்டாதீங்க. பார்ப்பேன்னா சொல்லிட்டுப் பாருங்க.
– வாரத்துல ஒருநாள் அவன் விளையாடுற கேமை, அவ பார்க்கிற சேனலைப் பக்கத்தில உட்கார்ந்து பாருங்க. கிண்டல் பண்ணாம.

13/ மிரட்டல் வந்துட்டா?
– பணம் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தா அடுத்தடுத்து கேட்பான்.
– எதையும் அழிக்காதீங்க. மெசேஜ், ஐடி, நம்பர், பணம் கேட்ட விவரம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக். படத்தை மட்டும் பிரதி எடுத்துச் சித்தப்பா மாமாவுக்கு அனுப்பாதீங்க.
– 1930. அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். குழந்தைகள் உதவிக்கு 1098.
– டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு. படம் உங்க போனை விட்டு வெளிய போகாது. அதோட டிஜிட்டல் ரேகையை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கிற தளங்கள்ல படம் பரவாம தடுக்கப் பார்க்கும்.
– பிள்ளை சோர்ந்து, சாவைப் பத்திப் பேசினா தனியா விடாதீங்க. 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும். இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. திட்ட மாட்டோம்.

14/ "அப்போ கண்டிப்பே வேண்டாமா டாக்டர்?" வேணும். மேல நான் எழுதினதுல பாதி கண்டிப்புதான். கடலோரத்துப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறோம், எந்த இடத்துல இறங்கக்கூடாதுன்னும் சொல்றோம். சுழல்ல மாட்டிட்டுக் கத்தும்போது கரையில நின்னு "ஏன் இறங்கின"ன்னு யாரும் அடிக்கிறதில்ல. முதல்ல இழுத்துக் கரையேத்துவோம்.

15/ அந்தப் பிள்ளை இப்போ பள்ளிக்கூடம் போறாள். டிஸ்சார்ஜ் அன்னைக்கு அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: அந்தப் போனை அவ கையிலேயே கொடுங்க, எல்லார் முன்னாலயும். ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் சட்டைப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தார். அவ அழுத அழுகையில அந்த ஒன்பது நாளும் இருந்தது.

16/ இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிள்ளைகிட்ட சொல்லுங்க: "என்ன நடந்தாலும் முதல்ல என்கிட்ட வா. அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னா மட்டும் போதாது, அது நடக்கிற அன்னைக்கு அந்த வாக்கைக் காப்பாத்துங்க. உங்க குடும்ப குரூப்பில் இந்த இழையைப் போடுங்க. எமர்ஜென்சியில இன்னொரு அப்பா அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்க வேண்டாம்.