அணைக்கட்டில் 'கட்' இல்லை மக்களே!

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு மடல் வந்தது. ஒரே வாரத்தில் நாலு பேர் அனுப்பிட்டாங்க. "ஆங்கிலத்துல இருக்கிற 'கட்'ங்கிற வினைச்சொல் நம்ம தமிழ்ல இருந்து போனது. வெட்டு, கட்டு, கத்தி எல்லாம் சேர்ந்து தான் கட் ஆச்சு. அதுக்கு ஆதாரம் கல்லணை. வெள்ளைக்காரன் அதை கிராண்ட் அனிகட்னு சொன்னான். ஆற்றை வெட்டித் திருப்பறதால அனி-கட். தமிழன்னா பகிரவும்."

நான் தமிழன் தான். ஆனா பகிரலை. பகிரலைங்கிறதோட விட்டிருந்தா பிரச்சனை இல்லை. "ஐயா, இது தப்பு"ன்னு ஒரு வரி பதில் போட்டேன். அவ்வளவு தான், "உனக்கெல்லாம் தமிழ்ப்பற்றே கிடையாதா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிக்கு விளக்கம் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதல்ல இந்த அனிகட். அது அணைக்கட்டு. அணையைக் கட்டினதால அணைக்கட்டு. இதுல வெட்டறதுக்கு வேலையே இல்லை. வெட்டினா தண்ணி ஓடிடும், கட்டினா தான் நிக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் மூணாங்கிளாஸ் பையனுக்குத் தெரிஞ்ச விஷயம் இது. வெள்ளைக்காரன் வாயில 'கட்டு' நுழையாம 'கட்'னு நின்னு போச்சு. அந்த வாய்க்கோணலைப் புடிச்சுக்கிட்டு, அதுல இருந்து ஆங்கில வினைச்சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதறது, மாப்பிள்ளை ஜாதகத்தை வச்சு மாமனாருக்குப் பலன் சொல்ற மாதிரி.

சரி, ஆங்கில 'கட்' எங்க இருந்து தான் வந்தது? பழைய ஆங்கிலத்துல இந்த வேலைக்கு வேற வினைகள் இருந்தன. ஒண்ணு இன்னிக்கு 'கார்வ்'ங்கிற வடிவத்துல செதுக்கறதுக்கு மட்டும்னு சுருங்கிப் போச்சு. இன்னொண்ணு வழக்கொழிஞ்சு போச்சு, ஆனா அதோட ஜெர்மன் உறவு 'ஷ்னைடன்' இன்னும் உயிரோட இருக்கு. 'கட்' ஆங்கில ஏட்டுல தலைகாட்டறது சுமாரா 1300ஐ ஒட்டித் தான். ஸ்காண்டிநேவியப் பக்கம் இருந்து வந்திருக்கலாம்னு அகராதிக்காரங்க சொல்றாங்க, அதையும் 'இருக்கலாம்'னு தான் சொல்றாங்க. ஆங்கிலேயன் தன் சொந்த வினைக்கே மூலம் நிச்சயமாத் தெரியலைன்னு கையை விரிக்கிறான். நம்ம ஆளு வாட்ஸப்புல மூணு வரியில முடிச்சுட்டார்.

1300ல் இங்கிலாந்துக்காரன் காவிரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சதே 1600ல். அப்புறம் எந்த வழியா இந்தச் சொல் போச்சு? கேட்டா "அப்பவே கப்பல்ல"ம்பாங்க. எந்தக் கப்பல், யார் எழுதி வச்சது, நடுவுல எந்த மொழி வாங்கிக் கொடுத்தது? பதில் வராது.

சத்தம் ஒரே மாதிரி இருக்கே, அது போதாதா? போதாதுங்க. ஆங்கிலத்துக்குள்ளயே போதாது. நாம டீக்கடையில சாப்பிடற கட்லெட்டை எடுத்துக்குங்க. அதுல 'கட்' இருக்குல்ல? கிடையாது. பிரெஞ்சுல விலா எலும்புக்கு உள்ள சொல்லுல இருந்து பிறந்தது, 'சின்ன விலா'ன்னு அர்த்தம். கத்தி, கரண்டிக்குச் சொல்ற 'கட்லரி' இருக்கே, அதுலயும் 'கட்' இல்லை. அது லத்தீன்ல கத்திக்கு உள்ள சொல்லோட பேரன். எலும்பும் இல்லாம கறியும் இல்லாம உருளைக்கிழங்குல பண்ணி நாம அதை வெஜிடபிள் கட்லெட்டுங்கறோம் பாருங்க, அது தனிக் கதை :-)

இன்னொரு மடல், 'எய்ட்' நம்ம எட்டு தானாம். கேட்க நல்லாத் தான் இருக்கு. ரெண்டையும் பின்னாடி கொண்டு போய்ப் பாருங்க. ஆங்கில எட்டுக்கு ஜெர்மன்ல 'ஆக்ட்', லத்தீன்ல 'ஆக்டோ', சமஸ்கிருதத்துல 'அஷ்ட'. நம்ம எட்டுக்குக் கன்னடத்துல 'எண்ட்டு'. நம்மகிட்டயே எண்பது, எண்திசைன்னு 'எண்' ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு 'ஆக்டோ' பக்கம் போகுது, இன்னொண்ணு 'எண்' பக்கம் போகுது. பின்னாடி போகப் போக விலகற ரெண்டு பேரை, இன்னிக்கு ஒரே தெருவுல குடியிருக்காங்கன்னு அண்ணன் தம்பின்னு சொல்லலாமா?

உறவைக் கண்டுபிடிக்க முறை இருக்கு. ஒரு சொல் ஒத்துப்போனா பத்தாது, வரிசையா ஒத்துப்போகணும். காவிரியைப் புடிச்சு மேல ஏறிக் கர்நாடகத்துக்குப் போனா, நம்ம பால் 'ஹாலு', பல்லு 'ஹல்லு', பாம்பு 'ஹாவு', புலி 'ஹுலி'. முதல்ல வர்ற 'ப' எல்லாம் 'ஹ'. இது விதி, தற்செயல் இல்லை. இந்த மாதிரி ஒரு வரிசையை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் காட்டுங்க, நானே நாப்பது பேருக்கு பகிர்றேன்.

இதுல எனக்கு என்ன அவ்வளவு கோவம்னு கேக்கறீங்களா? சொல்றேன். பொய்ப் பெருமை பேசறவங்க, கையில இருக்கிற நிஜப் பெருமையைச் செல்லாக்காசு ஆக்கறாங்க.

நம்ம 'கட்டு'ங்கிற ஒரே வினை ஆங்கிலத்துக்கு ரெண்டு சொல்லைக் கொடுத்திருக்கு. ஒண்ணு அனிகட், இன்னொண்ணு கட்டுமரம். டாம்பியர்னு ஒரு கப்பலோடி, 1697ல் வந்த தன் பயணப் புத்தகத்துல கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்கார். இன்னிக்கு உலகம் முழுக்க ரெட்டை உடல் படகுக்கு 'கேட்டமரான்'னு பேரு. அனிகட்டுக்கும் சாட்சி இருக்கு. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும் கட்டினார். மணல் ஆற்றுல அஸ்திவாரம் போடற வித்தையைக் கல்லணை கட்டினவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டோம்னு அவரே எழுதி வச்சார். அப்புறம் கோதாவரியில தவளேஸ்வரத்துல கட்டினதுக்கும் அனிகட் தான் பேரு. கட்டற வித்தையும் சொல்லும் சேர்ந்தே ஊர் விட்டு ஊர் போச்சு.

இதைவிட ஒரு கூத்து கேளுங்க. இந்திய மொழிகள்ல இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்குன்னே 1886ல் 'ஹாப்சன்-ஜாப்சன்'னு ஒரு அகராதி வந்தது. அதைச் செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னல், நம்ம தஞ்சாவூர்ல ஜில்லா ஜட்ஜா இருந்தவர். சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே ஆள். அகராதி வெளிவர்றதுக்கு முன்னாடியே 1882ல் போய்ச் சேர்ந்துட்டார். அந்தப் புத்தகத்துல அனிகட்டும் இருக்கு, கட்டுமரமும் இருக்கு.

நம்ம 'காசு' கூட அப்படித் தான். ஆங்கிலத்துல 'கேஷ்' ரெண்டு. ரொக்கம்ங்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லுல இருந்து வந்தது. இந்தியச் சில்லறை நாணயத்துக்குச் சொன்ன கேஷ் நம்ம காசு, போர்த்துகீசியர் வாய் வழியாப் போனது. நாணயமான ஆள் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுவான். நம்ம ஆட்கள் ரெண்டையும் சேர்த்துச் சுருட்டுவாங்க. மாட்டிக்கிட்டா, கேக்கறவன் நிஜமான காசையும் நம்ப மாட்டான். 'அனிகட் தமிழ்ச்சொல்'னு ஒரு வெளிநாட்டுக்காரர்கிட்ட சொன்னா "ஆமா, எல்லாமே தமிழ் தானே உங்களுக்கு"ன்னு சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுத்தது யாரு?

எதிர்த்தரப்பையும் விடறதா இல்லை. 'கட்'டைக் கண்டாலே காறித் துப்பற தூய தமிழ் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காலேஜ் கட் அடிக்கிறது, கரண்ட் கட், கட் பீஸ், கட் அவுட், குவாட்டர்ல பாதியான கட்டிங், சினிமா பார்த்துட்டுக் கதை சொல்லும்போது "கட் பண்ணா ஊட்டி", "கட் அண்ட் ரைட்டா சொல்லிட்டான்", இதெல்லாம் ஆங்கிலமா? லண்டன்ல போய் 'கட் அண்ட் ரைட்'னு சொல்லிப் பாருங்க, முழிப்பான். ஆங்கிலத்துல அந்த வினை இறந்தகாலத்துக்குக் கூட உருவம் மாறாது. இங்க வந்ததும் அடி, பண்ணு, ஆகுன்னு நம்ம வினைகளைத் துணைக்குப் புடிச்சுக்கிட்டு நம்ம இலக்கணத்துக்குக் கீழ்ப்படிஞ்சு நடக்குது. வந்தாரை வாழ வைக்கிறது தானே நம்ம வழக்கம்? வந்துட்டுப் போகட்டும்.

என் கவலை வேற. வந்த விருந்தாளி வீட்டு ஆட்களை வெளிய தள்ளக் கூடாது. அது தான் நடக்குது.

எங்க பக்கம் நெல்லை அறுப்போம். வாய்க்காலை வெட்டுவோம். வரப்புக்கு அண்டை வெட்டுவோம். காயை அரிவோம். வாழையிலையை நறுக்குவோம். கொடிக்கால்ல வெத்திலையைக் கிள்ளுவோம். மரத்துல கிளையைக் கழிப்போம். இளநீரைச் சீவுவோம். துணியைக் கத்தரிப்போம். ஒவ்வொண்ணுக்கும் கை வேற, கருவி வேற, சொல் வேற. இப்ப? "காய் கட் பண்ணு, மரம் கட் பண்ணு, இலை கட் பண்ணு." எட்டு வினை போய் ஒண்ணு. வாட்ஸப்புல 'கட் நம்மது'ன்னு மார்தட்டறவர் வீட்டுலயே கத்திரிக்காயை யாரும் அரியறதில்லை, கட் தான் பண்றாங்க.

'கட்டு' பக்கம் நிலைமை இன்னும் மோசம். வயல்ல அறுத்து அரி அரியாப் போட்டு, கட்டாக் கட்டி, தலைச்சுமையாக் களத்துக்குக் கொண்டு போய்த் தலையடி அடிப்பாங்க. இப்ப அறுப்பு மிஷின் ஒரே ஓட்டத்துல அறுத்து அடிச்சுக் கொட்டிடுது. நல்லது தான், முதுகு தப்பிச்சுது. ஆனா 'அரி', 'தலையடி'ன்னா என்னன்னு இன்னிக்குப் பையன்களுக்குத் தெரியாது. கட்டு மட்டும் கெட்டிக்காரன், வைக்கோல் கட்டற மிஷின் வழியாத் திரும்பி வந்துட்டான். வைக்கோலை இப்பவும் கட்டுக் கணக்குல தான் விக்கிறாங்க.

"அப்பா எங்க?"ன்னா "தண்ணி கட்டப் போயிருக்கார்"னு பதில் வரும். மடையைத் திறந்து, வாயை அடைச்சு, வயலுக்கு வயல் தண்ணியைத் திருப்பற மொத்த வேலையும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள இருக்கு. இன்னிக்கு டெல்டாவில 'தண்ணி கட்டு'ங்கிறதை விட 'தண்ணி கட்'ங்கிறது தான் அதிகம் காதுல விழுது. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கர்நாடகம் தர வேண்டிய 192 டிஎம்சியை 177.25 ஆக்கினதே, 14.75 டிஎம்சி கட்! அதே வருஷம் ஆகஸ்ட்ல தண்ணி வெள்ளமா வந்தப்போ முக்கொம்புல மதகுகள் ஒன்பது அடிச்சுக்கிட்டுப் போச்சு. வராதப்போ கட், வந்தப்போ கட்டினது நிக்கலை. இதுல சொற்பிறப்பு ஆராய்ச்சி வேற.

இன்னொண்ணு தெரியுமா? கன்னடத்துலயும் அணைக்கு 'அணெகட்டு'ன்னு தான் பேரு. சண்டை போடற ரெண்டு ஊருக்கும் அணை ஒரே சொல். லண்டன்ல சொந்தம் தேடறவங்க, நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்குள்ள இருக்கிற இந்த நிஜ சொந்தத்தைக் கண்டுக்கறதே இல்லை.

ஆங்கிலத்துல 'கட்'டுக்கும் 'செட்'டுக்கும் எத்தனை பொருள்னு வியக்கறோம். நம்ம கட்டு என்ன குறைச்சல்? வீடு கட்டறோம், தாலி கட்டறோம், பூ கட்டறோம், பணம் கட்டறோம், சோறு கட்டறோம், கதை கட்டறோம், வேஷம் கட்டறோம், சித்திரையில நல்லேர் கட்டறோம். தொண்டை கட்டிக்குது. கல்யாண வீட்டுல ஒரு கட்டு கட்டறோம். எல்லாம் முடிஞ்சு அறுவடைக் கணக்குப் போட்டா, விவசாயி வாயில வர்றது, "கட்டுப்படியாகலைங்க." அதுவும் இந்த வினையோட வாரிசு தான்.

தமிழை வளர்க்கணும்னா, இந்த வேலையைச் செய்யுங்க மக்களே. உங்க ஊர்ல கட்டு எத்தனை விதம், வெட்டு எத்தனை விதம், யார் எந்த வேலைக்கு எந்த வினை சொல்றாங்க, எழுதிப் போடுங்க. கொங்குப் பக்கம், நெல்லைப் பக்கம், யாழ்ப்பாணத்துல எல்லாம் வேற வேற இருக்கும். பாட்டிங்க இருக்கும்போதே கேட்டுக்குங்க. பகிர்றதுன்னா அதைப் பகிருங்க.

டிஸ்கி: "அப்ப ரைஸ் அரிசி இல்லையா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: கிரேக்க 'ஒரூசா' வரைக்கும் சங்கிலி தெளிவா இருக்கு, அதுக்கு முன்னாடி அறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. தீர்ப்பு வரட்டும். அதுவரைக்கும் அரிசியைச் சாப்பிடுவோம், அடிச்சுக்க வேணாம்.