காய்ச்சல் விட்ட பிறகு எழுத வேண்டிய குறியீடு

மருத்துவக் குறியீடு என்றால் காப்பீட்டுப் பணம் வாங்குவதற்கான எழுத்து வேலை என்றே பலரும் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் டைபாய்டு காய்ச்சலுக்கு ஏ01.0 என்று ஒரு குறியீடு. காய்ச்சலே இல்லாமல் அந்தக் கிருமியைச் சுமப்பவருக்கு இசட்22.0 என்று இன்னொன்று. இப்படிப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. டைபாய்டு வந்தவர்களில் 100க்கு 2 முதல் 5 பேர் வரை ஓராண்டு கடந்தும் மலத்தில் கிருமியை வெளியேற்றுகிறார்கள். கிருமி பெரும்பாலும் பித்தப்பையில், கல் இருந்தால் அதன்மேல் படலமாக ஒட்டிக் குடியிருக்கும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. முதல் குறியீட்டோடு கோப்பை மூடினால் இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

கணக்கில் வராதவரைக் கடைசியில் குற்றவாளியாகத்தான் கண்டுபிடிப்போம். நியூயார்க் சமையல்காரி மேரி மாலனுக்கு நடந்தது அதுதான். 1906இல் அவர் சமைத்த ஆய்ஸ்டர் பே வீடு ஒன்றில் 11 பேரில் 6 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். துப்புத் துலக்கிய ஜார்ஜ் சோப்பர் மேரியிடம் வந்து நின்றார். 1907இல் அவரை நார்த் பிரதர் தீவில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். கிடைத்த சலவை வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு அடுப்படிக்கே திரும்பினார். 1915இல் ஸ்லோன் மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் இறந்தார்கள். பிறகு 1938இல் சாகும்வரை அதே தீவு. மேரி செய்தது தவறுதான். வாக்கு வாங்கிய அரசு அவர் வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்யாததும் தவறு. அதே நகரத்தில் கண்டறியப்பட்ட, இதே நிலையிலிருந்த நூற்றுக்கணக்கானோர் இப்படி ஆயுள் முழுக்க அடைபடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

குறியீடு எழுதினால் ஹோட்டல் மாஸ்டரின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் அந்தப் பதிவு முதலாளி கைக்குப் போகாமல் சுகாதாரத் துறையோடு நிற்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சம்பளமும் நிற்கக் கூடாது. சில வாரம் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் பித்தப்பை அறுவை என்று பலருக்கும் தீர்வு உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிகள் ஆண்டுக்கொரு பரிசோதனையும் தடுப்பூசியும் கேட்கின்றனவே என்பார்கள். ஏற்கெனவே குடியேறிய கிருமியைத் தடுப்பூசி அகற்றாது. கிருமி விட்டு விட்டு வெளியேறுவதால் ஒரு முறை மலம் சோதித்தாலும் தப்பிவிடும். (காய்ச்சல் என்றதும் நம்மூரில் எடுக்கும் வைடால் டெஸ்ட்டை நம்பி இவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.) நல்ல குடிநீரும் கழிப்பறையும் வந்தால் போதும் என்பது பெருமளவு உண்மை. ஆனால் டைபாய்டு கிருமிக்கு மனிதரைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. நீர் சுத்தமான பிறகும் அது ஒளிந்திருப்பது இவர்களிடம்தான். எல்லாரையும் துரத்திச் சோதிக்க ஆளும் பணமும் இல்லை என்பது தெரிந்ததே. சமைக்கிற, பரிமாறுகிற வேலையில் இருப்பவருக்காவது டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுபரிசோதனைத் தேதிகளை எழுதுங்கள். கிருமி நீடித்தால், இசட்22.0 என்று குறித்து, சிகிச்சையையும் அன்றே தொடங்குங்கள்.